வால்பாறை ஏறிய லேப்டாப்

இறந்து ஆறு வருசமான டிரைவர் நாச்சிமுத்து மறுபடியும் வண்டி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பொள்ளாச்சி மார்க்கெட் ரோட்டில் ஷாஜகான் பாயின் கம்ப்யூட்டர் கடையில், கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில். அந்த நேரத்தில் கடையில் இருந்தவர்கள் நாலே பேர். ஒருவர் பென் டிரைவ் வாங்க வந்தவர், அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மற்றவர்கள் பாய், நாச்சிமுத்துவின் மனைவி மயிலாத்தாள், மகள் பிரதீபா.

பிரதீபாவுக்கு லேப்டாப் வாங்க வந்திருந்தார்கள். அனிமேஷன் படிக்கிற பிள்ளைக்குச் சாதாரண லேப்டாப் தாங்காது, கேம் ஆடுகிறவர்கள் வாங்குகிற மாதிரி எருமைக் கனத்தில் ஒன்று வேணும் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள்; பிள்ளைக்கும் கேம் ஆடுவதில் ஆசை இல்லாமல் இல்லை, ஆசை யாரை விட்டது. மூன்று மாதமாக வீடியோ வீடியோவாகப் பார்த்து ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். அந்த வீடியோக்காரர்கள் எந்த லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்துப் பேசினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள்: எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சூடு ஏறினால் ஃபேன் போடுகிற சத்தம் இருக்கிறதே, அப்பப்பா. பிரதீபாவுக்கு வேண்டியது சத்தம் போடாத லேப்டாப். ஒற்றை அறை வீடு. தேங்காய் நார் மில்லில் எட்டு மணி நேரம் மெசினோடு மெசினாக நின்றுவிட்டு, அந்த இரைச்சலை அப்படியே காதுக்குள் சுமந்துகொண்டு வருகிற அம்மா, வந்ததும் தலை சாய்க்கிற இடமும் அதே அறைதான். அம்மாவின் தூக்கத்துக்காகத்தான் அத்தனை வீடியோவும் பார்த்தது. இதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பின்னால் வந்த வம்பில் பாதி வந்திருக்காது.

பாயின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தட்டிப் பார்க்காமல் தேங்காய் வாங்காத ஊரில் லேப்டாப்பை மட்டும் ஏன் சும்மா தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று, கேட்கிற ஒவ்வொரு லேப்டாப்பிலும் பெரிய கேமாக ஒன்றைப் பத்து நிமிசம் ஓடவிட்டு, சூடு ஏறி ஃபேன் சுற்றுகிற வரைக்கும் காத்திருந்து, "காதக் குடுத்துக் கேளுங்கக்கா" என்பார். மயிலாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து காது கொடுத்தாள். முதலாவது மிக்ஸியில் சட்னி அரைத்தது. இரண்டாவது விசில் வரப்போகிற குக்கராக முனகியது. மூன்றாவது வாயே திறக்கவில்லை. பிரதீபா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதும்மா, இதுதான்" என்றாள். அப்போதுதான், யாரோ வாங்கிக்கொண்டு போய்ச் சத்தம் தாங்கவில்லை என்று ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்திருந்த ஒரு கறுப்பு லேப்டாப், காலையில் பாய் சோதித்துப் பார்க்க ஓடவிட்டு அடித்தட்டில் மறந்துபோன அது, சூடேறி ஃபேனை முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தது.

அது மிக்ஸியும் இல்லை, குக்கரும் இல்லை. ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டி முதல் வளைவுக்கு முன்னால் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு இறங்குகிற பஸ். அதிலும் ஏதோ ஒரு பஸ் இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல் கண்ணாடி மட்டும் கிணுகிணுவென்று ஆடுகிற பஸ், கியர் மாற்றும்போது ஒரு தரம் இருமிவிட்டு ஏறுகிற பஸ், வளைவுக்கு வளைவு இரண்டு குட்டை ஒரு நெட்டை என்று ஹாரன் அடிக்கிற பஸ். அந்த மலையில் அப்படி ஹாரன் அடித்த டிரைவர் ஒருத்தர்தான். மயிலாத்தாள் கடைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பாய், அந்தக் கறுப்பக் குடுங்க."

"அது ரிட்டன் வந்ததுக்கா. சத்தம் ரொம்ப ஜாஸ்தி. அத எதுக்கு நீங்க?"

"சத்தந்தான் பாய் எனக்கு வேணும்."

பிரதீபாவும் கேட்டிருந்தாள். கேட்ட காதை உடனே பொத்திக்கொண்டாள். ஆனால் தரையில் உட்கார்ந்து கண்ணீரும் சிரிப்புமாக இருக்கிற அம்மாவோடு நாலு பேர் பார்க்க மல்லுக்கட்ட அவளால் முடியவில்லை. கறுப்பு லேப்டாப்போடு ஒரு பெரிய ஹெட்போனும் வாங்கிக் கொடு என்று மட்டும் கேட்டாள்.

நாச்சிமுத்து பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு இருபத்திரண்டு வருசம் பஸ் ஓட்டியவர். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு வீட்டுப் படிக்கட்டு மாதிரி. ராத்திரி மேலேயே தங்கல், மறுநாள் காலையில் இறக்கம். மேலே போய் வண்டியை நிறுத்தியதும் மயிலாத்தாளின் போனுக்கு ஒரே ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவார். சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். இவள் பதிலுக்கு ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவாள்; கேட்டது, சாப்பிட்டுப் படுங்கள் என்று அர்த்தம். பேசினால் காசு என்று இருந்த காலத்தில் ஆரம்பித்த பழக்கம், பேச்சு இலவசமான பிறகும் இரண்டு பேரும் அதை விடவில்லை. ஆறு வருசத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதச் சாரலில், இருபத்தெட்டாவது வளைவில், நெஞ்சு வலித்தவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் ஒடித்து, மறுகையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டி நின்ற பிறகுதான் ஸ்டீயரிங் மேல் சாய்ந்தார். உள்ளே இருந்த ஐம்பத்துநாலு பேரில் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு மயிலாத்தாள் போனை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒரு ரிங்குக்காக உட்கார்ந்திருந்தாள். ரிங் வரவில்லை, சேதி சொல்ல ஆள்தான் வந்தது. அவருடைய போன் இன்னும் பீரோவுக்குள் காக்கிச் சட்டைக்கு அடியில் இருக்கிறது. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணுகிறாள், வெள்ளிக்கிழமைதோறும் சார்ஜ் ஏற்றுகிறாள். அந்த நம்பரைத் தூக்கி வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் என்ன பண்ணுவது?

அவர்கள் குடியிருந்தது ஏழு வீட்டு லைன் வீடு. ஏழு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே முருங்கை மரம், யார் வீட்டில் கருவாடு வறுத்தாலும் ஏழு வீட்டுக்கும் ஒரே வாசம். அன்றைக்குச் சாயங்காலம் பிரதீபா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேம் ஒன்றைத் திறந்து துப்பாக்கியும் கையுமாக ஏதோ பனிக்காட்டில் ஓட ஆரம்பித்த பத்தாவது நிமிசம், குழாயடியில் குடம் நிறைந்து வழிவதைக்கூடப் பார்க்காமல் நிமிர்ந்தாள் மூன்றாம் வீட்டு ராஜாமணி.

"ஏனுங்க்கா, உங்கூட்டுக்குள்ள வால்பாற பஸ்ஸு போகுதுங்களா?"

"ஆமா ராஜாமணி. அவிகதான் ஓட்டறாங்க."

"அதானுங்களே பாத்தேன். ஹாரனு கேட்டப்பவே நெனச்சேன்," என்ற ராஜாமணி, குழாயை மூடிவிட்டு, குடத்தை வீட்டில் வைத்துவிட்டு, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து மயிலாத்தாளின் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். வால்பாறை போகிறவள் கழுவாத மூஞ்சியோடா போவாள்?

அவ்வளவுதான், மூன்றே நாளில் லைன் வீடு முழுக்கப் பிரயாணத்துக்குத் தயாராகிவிட்டது. நாலரை மணிக்குப் பிரதீபா காலேஜிலிருந்து வருவாள். நாலு மணிக்கே ஜன்னல் வழியாகத் துண்டும் கைக்குட்டையும் உள்ளே விழுந்து இடம் பிடித்திருக்கும், ஒருத்தர் துண்டை இன்னொருத்தர் நகர்த்திவிட்டார் என்று சண்டையும் வந்திருக்கும். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்ற சின்னராசு, வளைவில் தலை சுற்றுகிறவர்கள் மோந்து பார்க்க எலுமிச்சம்பழம் கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுத்தார். ராஜாமணி ஒன்பதாவது வளைவில் தவறாமல் வாந்தி எடுப்பவள், ஆகையால் மஞ்சப்பையோடு வந்தாள், தவறாமல் எடுத்தாள். திரையில் பிரதீபாவை எதிரிகள் சூழச் சூழ லேப்டாப் சூடேறும், சூடேற ஏறப் பஸ் மலை ஏறும், வளைவு வந்தால் அறையில் இருக்கிற எல்லாரும் ஒட்டுக்கா இடப்பக்கம் சாய்வார்கள், அடுத்த வளைவில் ஒட்டுக்கா வலப்பக்கம் சாய்வார்கள், நடுவில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிற பிரதீபா மட்டும் நட்ட கல்லாட்டம் நேராக இருப்பாள். ஃபேன் காற்று வெளியே வருகிற சந்திலிருந்து முதலில் அணைத்தண்ணி வாசமும், அப்புறம் ஈர மண் வாசமும், ஏழெட்டு வளைவு போன பிறகு தைல மர வாசமும் வரும். இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பஸ் வந்தால் ஏறுவோமா, பஸ் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு நிற்போமா?

பஸ்ஸில் ஏறினால் பேச்சும் கூடவே ஏறிக்கொள்ளும், அதுதானே நம் வழக்கம். ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் ரோட்டைக் கடக்கும்போது வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்து, நேரமாகிறது என்று கத்தின ஆளிடம், "அதுக பாஸ் வெச்சிருக்குதுங்க, நாமதான் டிக்கெட்டு" என்று நாச்சிமுத்து சொன்னதைச் சின்னராசு சொன்னார். மயிலாத்தாள், கல்யாணமான புதிதில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து முதன்முதலாக மலை ஏறியதைச் சொன்னாள். புதுப் பெண்டாட்டிக்குத் தலை சுற்றிவிடப் போகிறது என்று மனுசன் ஒவ்வொரு வளைவையும் தொட்டில் ஆட்டுகிறாற்போல எடுக்க, பஸ் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர, இறங்கின ஒரு தோட்டத்துக் கணக்கர் இவளைப் பார்த்து, "அம்மிணி, அடுத்த தடவ நீ வர்ற நாளச் சொல்லிப்போடு, நான் மறுநா வர்றேன்" என்றாராம். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து ராஜாமணி பார்த்து ஆறு வருசம் ஆகியிருந்தது. நார் மில்லிலிருந்து வந்ததும் சுருண்டு படுத்த மயிலாத்தாள் இப்போது படுப்பதில்லை, காது இரைவதாகவும் சொல்வதில்லை. இரவில் தூங்கும்போது உதட்டில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வாரம் குழந்தைவேலு வந்தார். இருபத்திரண்டு வருசமும் நாச்சிமுத்துவோடு அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்று மூன்று வருசம் ஆகியும், சேதி கேள்விப்பட்டதும் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, தோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு வந்து நின்றார். மயிலாத்தாள் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"கண்டக்டரு எந்தக் காலத்துல தங்கச்சி உக்காந்து வந்திருக்கறான்?" என்று சொல்லிவிட்டுக் கதவுப்பக்கமே நின்றுகொண்டார். தினமும் வந்தார். வளைவுக்கு வளைவு விசிலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார், ஊத மாட்டார்.

ஒரு குறைதான். பிரதீபாவின் ஆட்டம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்தால் லேப்டாப் ஆறிவிடும், ஆறினால் பஸ் பத்தாவது வளைவிலோ பன்னிரண்டாவதிலோ கரைந்து போகும், மறுநாள் மறுபடியும் செக்போஸ்ட்டிலிருந்து ஆரம்பம். வால்பாறை போய்ச் சேர வேண்டுமென்றால் விடாமல் மூன்று மணி நேரம் ஓட வேண்டும். ஆகவே உலகத்தில் எந்தத் தாயும் சொல்லாததை மயிலாத்தாள் சொல்ல ஆரம்பித்தாள்.

"கண்ணு, படிச்சது போதும், அந்தப் புஸ்தகத்த மூடிப்போட்டு உக்காந்து வெளையாடு சாமி."

"அம்மா, நாளைக்குப் பரிச்சைம்மா."

"பரிச்ச எங்கீம் ஓடிப் போகாது. நீ வெளையாடு, நான் ஊட்டி உடறேன்."

ஒரு கையால் சோற்றை ஊட்டிக்கொண்டே மறுகையால் வளைவை எண்ணினாள். பதினாலு, பதினேழு, இருபது என்று நாள்காட்டியில் குறித்து வைத்தாள். ஒரு சனிக்கிழமை பஸ் இருபத்துமூன்றாவது வளைவைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, அறை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, பிரதீபா படாரென்று லேப்டாப்பை மூடினாள். ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

"போதும்! எல்லாரும் எந்திரிச்சுப் போங்க!"

"ஏங் கண்ணு..."

"அது எங்க போயி நிக்கும்னு எனக்குத் தெரியும்மா. உனக்குத் தெரியாதா? இன்னும் அஞ்சு வளைவு. அங்க போயி அப்பா ஒருதடவ செத்தது பத்தலயா உனக்கு?"

அவரவர் துண்டை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு லைன் வீட்டில் ஏழு அடுப்பும் தாமதமாகத்தான் பற்றின.

அதிலிருந்து லைன் வீடு இரண்டாகப் பிரிந்தது. இருபது வளைவோடு தினமும் நிறுத்திக்கொள்வோம், மனுசன் என்றென்றைக்கும் கீழ் வளைவுகளிலேயே சந்தோசமாக ஓட்டிக்கொண்டு இருக்கட்டும் என்றார்கள் ராஜாமணி கட்சிக்காரர்கள். கிளம்பின வண்டி சேர வேண்டாமா, நடுமலையில் எத்தனை காலம் அலையவிடுவது என்றார்கள் சின்னராசு கட்சிக்காரர்கள். குழாயடியில் இரண்டு கட்சியும் குடம் மோதிக்கொண்டன. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? மயிலாத்தாள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவளுக்கு அந்த ஒரு ரிங் வேண்டும், வேறொன்றும் வேண்டாம். ஆனால் மகள் முகத்தைப் பார்த்த பிறகு அதை வாய்விட்டுக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

இதற்கு நடுவில் லேப்டாப் கரகரக்க ஆரம்பித்தது. பாயிடம் கொண்டுபோனார்கள். அவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"ஃபேன் பேரிங் தேஞ்சு போச்சுக்கா. மாத்திரணும். மாத்தாம ரொம்ப நேரம் ஓடவிட்டா நடுவுல நின்னுரும், நின்னா போர்டே வெந்துரும். புது ஃபேன் போட்டுத் தர்றேன், ஓடறதே தெரியாது."

ஓடறதே தெரியாது. மயிலாத்தாள் அந்த வார்த்தையை வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அது மட்டுமில்லை. பிரதீபா காலேஜுக்குக் கடைசி வருசப் படமாக ஒன்று செய்திருந்தாள்; தென்னை மரத்திலிருந்து விழப் பயப்படுகிற ஒரு தேங்காயின் கதை, நாலு நிமிசம். அந்த நாலு நிமிசத்தையும் முழுப்படமாக்கி எடுக்க லேப்டாப் மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் உழைக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருசப் படிப்பு போச்சு. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், பாய் எடுத்து வைத்திருந்த புது ஃபேனுக்கு முன்பணம் கொடுக்க மயிலாத்தாள் செருப்பை மாட்டினாள்.

"மாத்திக் குடுக்கச் சொல்லீட்டு வந்தர்றேன் கண்ணு. உம்பட படிப்புத்தான் பெருசு. எனக்கு இத்தன நாள் கேட்டதே போதும்."

வழக்கம்போல அன்றைக்கும் வந்து கதவுப்பக்கம் நின்ற குழந்தைவேலு வழியை விடவில்லை.

"தங்கச்சி, ஆறு வருசமா நானொன்னு சொல்லாம வெச்சிருக்கறேன். சொல்லீர்றேன், பொறவு போ." அவர் கை விசிலைப் பிடித்துக்கொண்டது. "எம்பட விசிலு இல்லாம அவன் ஒருநாளும் வண்டிய நிறுத்துனதில்ல, எடுத்ததுமில்ல. அன்னிக்கு விசிலு இல்லாமயே நின்னுது. ஓடிப் போயிப் பாத்தேன். அவனுக்கு உசுரு இருந்துது. 'டேய், வால்பாற போனதும் அவளுக்கு ஒரு ரிங்கு விட்ரு, காத்துக்கிட்டு இருப்பா'ன்னான். அதான் கடைசிப் பேச்சு. நான் உடலியே தங்கச்சி! வண்டியே போயிச் சேரல, சேந்துட்டோம்னு எப்பிடி ரிங்கு உடறது? சொல்லு, எப்பிடி உடறது?"

அறுபது வயதைத் தாண்டின மனிதர் கதவில் தலையைச் சாய்த்து அழுதார். மயிலாத்தாள் செருப்போடு அப்படியே நின்றாள். பிரதீபாதான் முதலில் அசைந்தாள். அவள் எழுந்துபோய் அம்மாவின் காலடியில் குனிந்து, செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்து வாசலில் வைத்தாள்.

"ஃபேன் மாத்த வேண்டாம்," என்றாள். "நாளைக்குப் படத்த இதுலயே ஓடவிடறேன். மூணு மணி நேரம். மாமா, நீங்களும் வந்துருங்க."

"நடுவுல நின்னுட்டா? உம்பட படிப்பு?"

"நின்னா நிக்கட்டும்மா. அப்பா சேரோணும்."

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுது, பன்னிரண்டு மணிக்கு, பிரதீபா பட்டனை அழுத்தினாள். திரையில் ஒரு கோடு தோன்றி, நூற்றுக்கு ஒன்று என்று காட்டியது. அன்றைக்குத் துண்டுபோட்டு இடம் பிடிக்கிற சண்டை இல்லை. இரண்டு கட்சியும் ஒரே பாயில் உட்கார்ந்தன. ஷாஜகான் பாய்கூடக் கடைக்கு அரைநாள் லீவு விட்டுவிட்டு, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வந்து சுவரோரம் உட்கார்ந்தார். பிரதீபா ஹெட்போனை எடுத்து, ஒயரைச் சுற்றி, அலமாரியின் மேல் வைத்தாள். பிறகு அப்பாவின் பஸ்ஸில் முதல் தடவையாகக் காது திறந்து உட்கார்ந்தாள்.

செக்போஸ்ட் போனது, அணைத்தண்ணி வாசம் போனது, ராஜாமணிக்கு ஒன்பதாவது வளைவில் வாந்தி வரவில்லை, வரையாடுகள் நிதானமாகக் கடந்தன, தைல மர வாசம் வந்தது. பதினைந்து, இருபது, இருபத்துமூன்று. ஃபேன் கரகரத்தது, கரகரப்போடு கியர் இருமியது, மூன்றாவது ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது, ஹாரன் இரண்டு குட்டை ஒரு நெட்டை அடித்தது. இருபத்தாறில் அறைக்குள் சாரல் அடிக்க ஆரம்பித்தது, சின்னராசு ஜன்னல் கதவைச் சாத்தினார், சாரல் நிற்கவில்லை. இருபத்தேழு. பிரதீபா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தெட்டில் ஸ்டீயரிங் மலைப்பக்கம் ஒடிகிற சத்தம் கேட்டது, ஹேண்ட் பிரேக் இழுபடுகிற சத்தம் கேட்டது, ஃபேன் நின்றுவிட்டது.

திரையில் கோடு எழுபதில் நின்றது. சூடு ஏறுகிற நாற்றம் வந்தது. "ஆஃப் பண்ணிரலாம்மா, போர்டு வெந்துரும்," என்று பாய் எழுந்தார். பிரதீபா அவரைப் பார்க்கவில்லை. கதவுப்பக்கம் திரும்பி, "மாமா!" என்று கத்தினாள். "விசிலு ஊதுங்க மாமா! நீங்க ஊதாம அப்பா எப்பிடி வண்டிய எடுப்பாங்க?"

குழந்தைவேலு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பையைச் சரியாக இடுக்கிக்கொண்டார். இத்தனை வருசப் பழக்கத்தில் பின்பக்கம் ஒருதரம், முன்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, விசிலை வாயில் வைத்து இரண்டு தரம் ஊதினார்.

"போலாம் ரைட்!"

ஹேண்ட் பிரேக் விடுபட்டது. நின்றுபோயிருந்த ஃபேன் ஒரு தரம் இருமிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. முதல் கியரில் மெள்ள, பிறகு இரண்டாவதில், புதுப் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போகிற நிதானத்தில், பஸ் இருபத்தொன்பதாவது வளைவை எடுத்தது. அறையில் இருந்த எல்லாரும் ஒட்டுக்கா இடப்பக்கம் சாய்ந்தார்கள், இந்தத் தடவை பிரதீபாவும் சாய்ந்தாள். சாய்ந்துகொண்டே அழுதாள், அழுதுகொண்டே அடுத்த வளைவுக்கு வலப்பக்கம் சாய்ந்தாள். முப்பத்தைந்துக்கு மேல் பனி இறங்கி ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியவில்லை. நாற்பது. அதற்கப்புறம் வளைவுக் கணக்கு இல்லை, இரண்டு பக்கமும் தேயிலை வாசம், கொழுந்து எடுக்கிறவர்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம், யாரோ டீ ஆற்றுகிற சத்தம். பஸ் வேகம் குறைத்து, பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பி, மெல்லக் குலுங்கி நின்றது. எஞ்சின் அணைந்தது. டிரைவர் பக்கத்துக் கதவு ஒருதரம் திறந்து மூடியது.

லேப்டாப்பில் கோடு நூறைத் தொட்டது. படம் தயாராகிவிட்டது என்று சொல்ல அது ஒரே ஒரு மணி அடித்தது. அடித்து நின்றது.

"கேட்டுச்சாம்மா?" என்றாள் பிரதீபா.

மயிலாத்தாள் தலையை ஆட்டினாள்.

"வால்பாற, வால்பாற. எல்லாம் எறங்குங்க, பாத்து எறங்குங்க," என்றார் குழந்தைவேலு, கதவைப் பிடித்துக்கொண்டு. முடியில் தங்கின பனித்துளியைத் துடைத்துக்கொண்டு, துண்டையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருத்தராக வாசற்படி இறங்கி அவரவர் வீட்டுக்குப் போனார்கள். பாய், தேய்ந்த ஃபேனை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கடைசியாகப் போனார்.

மயிலாத்தாள் மடியில் இருந்த தன் போனை எடுத்தாள். ஆறு வருசமாக அழுத்தாத நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள்.

பீரோவுக்குள், காக்கிச் சட்டைக்கு அடியில், ஒரு ரிங் போனது. மயிலாத்தாள் கட் பண்ணினாள்.